கதிரையில் தொழலாமா என்று கேட்ட ராத்தா



வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வாரம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பெண்களுக்கான மார்க்க வகுப்பொன்றை நடத்தி வருகிறேன். நேரில் கேட்கக் கூச்சப்படுபவர்கள் தமது கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதித் திரைக்கு அப்பாலிருந்து அனுப்புவார்கள். சில வருடங்களுக்கு முன்னர் அப்படி வந்த துண்டு ஒன்றில், "எனக்குக் கால் வலி. கதிரையில் இருந்து தொழலாமா?" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது.

நானும் பதில் சொன்னேன். மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், நின்று தொழ முடியாவிட்டால் இருந்தும், அதற்கும் முடியாவிட்டால் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழும்படி சொல்லிக் கொடுத்ததை எடுத்துச் சொன்னேன். நிற்க முடிந்தவர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும், குனியவோ ஸுஜூது செய்யவோ முடியாதவர் அந்த இடத்தில் மட்டும் கதிரையில் அமர்ந்து இயன்றளவு குனிந்தால் போதும் என்று விளக்கினேன். பிறகு அடுத்த துண்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, வைத்தியரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்கவே இல்லை. இந்த மாதப் பகுதியை எழுத வைத்தது அந்தக் குறைதான். அந்தச் சகோதரியின் சம்மதத்துடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

ஏழெட்டு மாதங்கள் கழித்து அவருடைய மகள்தான் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். நாற்பது வயதைத் தாண்டிய அந்த ராத்தாவுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் சிறுநீரகம் மாற்றியிருக்கிறார்கள். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாட்கள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தவருக்குக் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் தம்பி தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், அது நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒன்றரை வருடத்தில் வலது தொடையின் மேற்பகுதியில், கவட்டுப் பக்கமாக ஒரு வலி தொடங்கியது. சில நாட்களில் முழங்கால் வரை இறங்கும். படி ஏறினால் கூடும். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், மழையும் இல்லாத நாளில் குடையை ஊன்றிக்கொண்டு காலி வீதியில் நடந்து வகுப்புக்கு வந்து போயிருக்கிறார். நானோ கதிரைக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் உம்மா யாரிட்டயும் சொல்லல்ல?" என்று மகளிடம் கேட்டேன். "இன்னொரு வருத்தம் எண்டு சென்னா கிட்னியில கை வெச்சிடுவாங்க எண்டு பயம் மௌலவி. மாமா தந்தது பழுதாப் போனா அவர்ட முகத்த எப்படிப் பாக்குற எண்டு ராவுல அழுவாங்க" என்றாள்.

சகோதரிகளே, இந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற எத்தனையோ பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். உலகில் முதன்முதலாக 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் டொக்டர் ஜோசப் மரே, இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். அதற்காக 1990இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம்மவர்களுக்குச் சிறுநீரக மாற்று என்றதும் நினைவுக்கு வருபவர் எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்த அவருக்கு 1984இல் நியூயோர்க்கின் புரூக்ளின் நகரில் அவருடைய அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதற்கடுத்த வருடமே இலங்கையிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. அதில் முன்னின்றவர்கள் பேராசிரியர் ஷெரிப்தீன், பேராசிரியர் ரெஸ்வி ஷெரீப் ஆகிய நம் சமூகத்து வைத்தியர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். இன்று இதற்கென்றே மாளிகாவத்தையில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது.

இன்னொருவருடைய உறுப்பு உள்ளே வந்ததும் உடம்பு அதனை அந்நியனாகக் கருதித் தாக்கும். அந்தத் தாக்குதலை அடக்கி வைக்க வாழ்நாள் முழுவதும் மருந்து எடுக்க வேண்டும். அவற்றுள் ஒன்று பிரெட்னிசோலோன் எனப்படும் ஸ்டீரோயிட் குளிசை. ஆரம்ப வாரங்களில் அதைக் கூடுதலாகக் கொடுத்துப் பின்னர் படிப்படியாகக் குறைப்பார்கள். பலர் சிறிய அளவில் அதைத் தொடர்ந்து எடுக்கிறார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றும் இந்த மருந்து சிலருடைய எலும்பின் இரத்த ஓட்டத்தைக் கெடுத்துவிடுகிறது. தொடை எலும்பின் மேல் நுனியில் பந்து போல ஓர் உருண்டை இருக்கிறது. இடுப்பு எலும்பின் குழிக்குள் அது சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், குனிகிறோம், அத்தஹிய்யாத்தில் அமர்கிறோம். அந்த உருண்டைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் மிகவும் மெல்லியவை. இரத்தம் குறைந்தால் உருண்டை பட்டுப்போகிறது. பட்டுப்போன கொப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாரம் ஏறும்போது முறியும். அதுபோல அந்த உருண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பின் பாரத்தால் நொறுங்கித் தட்டையாகிவிடும். அதன் பின்னர் மூட்டு வழுவழுப்பாகச் சுழலாது, உராயும்.

இது பெரும்பாலும் மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னர் முதல் இரண்டு மூன்று வருடங்களில் தலைகாட்டும். பல பேருக்கு இரண்டு பக்கத்திலும் வரும். முன்னைய காலத்தில் ஸ்டீரோயிட்டை அதிகம் கொடுத்ததால் இது நிறையப் பேருக்கு வந்தது. 1980களில் சைக்ளோஸ்போரினும், அதன் பிறகு டெக்ரோலிமஸும் வந்து, ஸ்டீரோயிட்டின் அளவைக் குறைக்க முடிந்ததால் இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. இதைத் தவிர, நீண்ட காலம் சிறுநீரகம் பழுதாக இருந்தவர்களுக்கு எலும்பு ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். மாற்றுச் சிறுநீரகத்தோடு இருபது வருடம் வாழ்ந்து முதுமை அடைபவர்களுக்கு, மற்ற எல்லோரையும் போல முழங்கால் தேய்வதும் உண்டு.

இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்காக வலியைச் சும்மா விட்டுவிடக்கூடாது. உருண்டை தட்டையாவதற்கு முன்னர் கண்டுபிடித்தால், எலும்பில் துளையிட்டு உள் அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய சிகிச்சை சிலருக்குப் பலன் தரும். நொறுங்கிய பின்னர் அதற்கு இடமில்லை. மாற்று மூட்டுத்தான் வைக்க வேண்டும்.

நம்முடைய ராத்தா வைத்தியரிடம் போன நாளில் வலது உருண்டை தட்டையாகிவிட்டிருந்தது. நான் அந்தத் துண்டுக் கடதாசியை வாசித்த அன்றைக்கே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்த எண்ணம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

அதற்கு முன்னர் அவர் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதைத்தான் நம் வீடுகளில் எல்லோரும் செய்கிறோம். முறிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கித் தடவினார். அதில் பெரிய பாதகமில்லை. அயல் வீட்டுப் பெண் கொடுத்த கசாயத்தைக் குடித்தார். அது பிழை. மூலிகைகளும் சில பழங்களும்கூட டெக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யும். நாம் விரும்பிச் சாப்பிடும் ஜம்போலாவும், அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்புரூட்டும் அப்படிப்பட்டவையே. எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை, பாமசியில் சீட்டு இல்லாமல் டைக்லோபினாக் வாங்கி விழுங்கியது. டைக்லோபினாக், ஐபுபுரோபன் போன்ற வலிக் குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைப்பவை. நல்ல சிறுநீரகம் இரண்டு உள்ளவருக்கே கவனம் தேவை. தம்பி தந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருப்பவருக்குச் சொல்லவும் வேண்டுமா? சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காக வலியை மறைத்த ராத்தா, அந்த வலிக்காக விழுங்கிய குளிசையால் சிறுநீரகத்தையே ஆபத்தில் போட்டார். இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. குளிசையை நிறுத்திய பிறகு, அல்லாஹ்வின் உதவியால், பழைய நிலைக்கு இறங்கியது.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை என்றதும் வீட்டில் பெரிய எதிர்ப்பு. "ஒரு தரம் வெட்டினது போதாதா? சும்மா கிடக்கட்டும், மருமகள் பாத்துக்கொள்ளுவா" என்றார் மாமியார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். என்னையும் அழைத்து அபிப்பிராயம் கேட்டார்கள். மார்க்கத்தில் கேளுங்கள் சொல்கிறேன், மருத்துவத்தை வைத்தியரிடம் கேட்போம் என்று நானும் அவர்களோடு போனேன். அங்கே எலும்பு வைத்தியரும் சிறுநீரக வைத்தியரும் சொன்னவற்றையும், பின்னர் நான் விசாரித்து அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாற்று மூட்டு இன்று புதிய விஷயமல்ல. இங்கிலாந்தில் டொக்டர் ஜோன் சார்ன்லி 1962இல் வழிகாட்டிய முறைதான் இன்றும் அடிப்படை. தொடை எலும்புக்குள் தண்டோடு கூடிய உலோகப் பந்து, குழிக்குள் உறுதியான பிளாஸ்டிக் கிண்ணம். எலும்போடு ஒட்டுவதற்கு அவர் எடுத்தது, பல் வைத்தியர்கள் செயற்கைப் பல் கட்டப் பாவித்துவந்த அக்ரிலிக் வகை. அதற்கு முன்னர் டெப்லோன் என்ற பொருளில் கிண்ணம் செய்து பார்த்துத் தோற்றுப்போனவர் அவர். தோல்விக்குப் பிறகு அந்தப் பொருட்களைத் தன் சொந்தத் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்த்தாராம். இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு 2000இலும் 2001இலும் பம்பாயில் முழங்கால்கள் இரண்டும் மாற்றப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 அளவிலும், முழங்கால் மூட்டுகளில் நூற்றுக்கு 82 அளவிலும் 25 வருடங்கள் வரை நிலைக்கின்றன என்று கணக்கிட்டது.

ஆனால் எம்.ஜி.ஆருடைய கதையும் வாஜ்பாயுடைய கதையும் ஒரே உடம்பில் சேர்ந்தால்? அதுதான் ராத்தாவின் கேள்வி. உறுப்பு மாற்றியவர்களுக்கும் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யலாம், பல நாடுகளில் பல வருடங்களாகச் செய்கிறார்கள், வலி நீங்கி நடப்பதில் மற்றவர்களைப் போலவே நல்ல பலன் கிடைக்கிறது என்றார்கள். அதே நேரம் சிக்கல்கள் மற்றவர்களைவிட அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பதால் கிருமி தொற்றும் பயம் கூடுதல். புண் ஆறுவது தாமதம். வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் கூடலாம். மாற்று மூட்டில் கிருமி புகுந்தால் சில வேளைகளில் அந்த மூட்டையே எடுத்துவிட வேண்டி வரும்.

ஆகவே அவசரப்படக்கூடாது. சிறுநீரகம் பொருத்திய புதிதில் செய்யமாட்டார்கள். அது நிலைபெற்று, மருந்தின் அளவும் ஓரிடத்தில் நின்ற பின்னரே செய்வார்கள். முன்னதாகப் பல், சிறுநீர், தோல் எங்கேயும் கிருமி இல்லை என்று பார்க்க வேண்டும். ராத்தாவுக்கு ஒரு சூத்தைப் பல் இருந்ததால் முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பினார்கள். காலுக்கு வந்தவளைப் பல்லுக்கு அனுப்புகிறார்களே என்று மாமியார் கோபித்துக்கொண்டார். பல்லில் உள்ள கிருமி இரத்தத்தில் கலந்து புதிய மூட்டில் போய்க் குடியேறலாம் என்று தாதி ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

மருந்து விஷயத்தில் நம் பெண்கள் செய்யும் தவறொன்று உண்டு. சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்றதும் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிடுவார்கள். உறுப்பு மாற்றியவர் அப்படிச் செய்யவே கூடாது. ஸ்டீரோயிட்டை நெடுநாள் எடுத்தவருடைய உடம்பு, இயற்கையாகச் சுரக்க வேண்டிய அந்தச் சுரப்பைக் குறைத்துக்கொண்டுவிடும். சத்திரசிகிச்சை போன்ற பெரிய நெருக்கடியில் அந்த மருந்து திடீரென நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. சிலருக்கு அன்றைய தினம் ஊசி மூலம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு. சிரோலிமஸ் என்ற மருந்து எடுப்பவர்களுக்கோ, அது புண் ஆறுவதைத் தாமதிப்பதால், சில காலம் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைச் சிறுநீரக வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். எலும்பு வைத்தியர் ஓரிடத்திலும் சிறுநீரக வைத்தியர் வேறிடத்திலும் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது வீட்டாருடைய பொறுப்பு. ராத்தாவின் மகள் ஓர் அப்பியாசக் கொப்பியில் மருந்துகளின் பெயரையும் அளவையும் நேரத்தையும் எழுதி, போகும் இடமெல்லாம் எடுத்துச் சென்றாள். ஓ.எல். படிக்கும் பிள்ளை. பெரியவர்கள் எங்களுக்கு அது தோன்றவில்லை.

இனி மார்க்கம் சம்பந்தமாக வந்த கேள்விகள்.

உடம்புக்குள் உலோகம் வைக்கலாமா? குலாப் போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார்கள். அது துர்வாடை எடுக்கவே, தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்றிருந்தும் தேவைக்காக அனுமதித்திருக்கிறார்கள். இடுப்புக்கு இரும்பு வைப்பதில் என்ன தடை இருக்கிறது?

இன்னொருவருடைய சிறுநீரகம்? 1988 பெப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, கொடுப்பவருடைய உயிருக்கும் அடிப்படைச் சுகத்துக்கும் கேடில்லாமல், விலை பேசாமல் கொடுப்பதை நிபந்தனைகளோடு ஆகுமானது என்று தீர்மானித்தது. இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டமும் உறுப்பை விற்பதைத் தடுக்கிறது.

மௌத்தானால் ஜனாஸாவிலிருந்து அந்த இரும்பை வெட்டி எடுக்க வேண்டுமா என்று மாமியார் கேட்டார். கேட்கத் தயங்கிக் கேட்டார். வேண்டியதில்லை. அரபுக் கல்லூரிகளில் நாங்கள் ஓதும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கிரந்தத்திலேயே, முறிந்த எலும்பைச் சேர்க்கச் சுத்தமானது கிடைக்காமல் அசுத்தமான எலும்பை வைத்துவிட்டவர் மன்னிக்கப்பட்டவர் என்ற சட்டம் வருகிறது. வேறு கிடைத்தும் அதை வைத்துக்கொண்டவர் இறந்துவிட்டால்கூட அதைக் கழற்றத் தேவையில்லை என்பதே சரியான சொல் என்றும் வருகிறது. எழுநூறு வருடங்களுக்கும் மேலான கிதாபு அது. மாணவனாக அந்த இடத்தை ஓதியபோது, இதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று நினைத்தவன் நான். இங்கே வைப்பதோ சுத்தமான உலோகமும் பிளாஸ்டிக்கும். தொழுகைக்கோ குளிப்புக்கோ அதனால் எந்தக் குறையும் இல்லை.

ஓர் ஊசியைப் பற்றியும் கேட்டார்கள். இடுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறைந்து, அது நெஞ்சுக்குப் போய் அடைக்காமல் இருக்க ஹெபரின் வகை ஊசி போடுவது வழக்கம். அது பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது உண்மைதான். வேறு வகை மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சில, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குப் பொருந்தாது. எனவே வேறு உண்டா என்று வைத்தியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். இல்லை என்றால் நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் அது ஆகும். ஊசி போட வந்த தாதியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைத்தியருக்கும் தெரிவிக்காமல் படுத்திருக்காதீர்கள். இரத்தக் கட்டி உயிரை எடுக்கக்கூடியது.

நோன்பு பற்றி ஒரு வார்த்தை. டெக்ரோலிமஸ் பலருக்குப் பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில் இரு வேளை. நம் நாட்டு நோன்போ பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேல். ஸஹர், இப்தார் என்று தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளாமல் வைத்தியரைக் கேட்டுத்தான் நோற்க வேண்டும். நோற்க முடியாதென்றால் நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகை இருக்கிறது.

பணம் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசமாக நடந்தாலும், மூட்டை வெளியே வாங்கித் தரும்படி கேட்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. ராத்தாவுக்கும் அப்படியே ஆனது. மகளுக்கென்று வைத்திருந்த காப்பு இரண்டு போனது. மிகுதிக்கு மஹல்லாவில் கைகொடுத்தார்கள். ஜனாதிபதி நிதியத்திலும் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏழையாக இருந்தால் ஸகாத்திலிருந்தும் கொடுக்கலாம். நோயாளி என்பதற்காக மட்டுமல்ல, தேவையுள்ளவர் என்பதற்காக.

இவ்வளவும் பேசி முடித்த பின்பும் ராத்தா சம்மதிக்கவில்லை. காரணம் முதலில் சொன்னதுதான், தம்பி தந்தது. நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்த் தம்பியைச் சந்தித்தேன். ஜம்பட்டா வீதிப் பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர். அக்காவுக்குக் கால் இப்படி ஆகிவிட்டது என்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ராத்தா கட்டில்ல கிடக்குறதுக்கா மௌலவி நான் குடுத்த? அது குடுத்த நாளே அவடதாப் போச்சு. இன்னும் என்டது எண்டு வெச்சிக்கிட்டு ஈக்கிறாவா?" என்று கேட்டுவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு என்னோடு த்ரீவீலரில் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த கிளினிக் தினத்தில் ராத்தா கையெழுத்து வைத்தார்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக நடந்தது. மறுநாளே கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தார்கள். ஆனால் புண்ணிலிருந்து நீர் கசிவது நிற்கச் சில நாட்கள் எடுத்தது. அதனால் மற்றவர்களைவிட ஒரு வாரம் அதிகமாக வைத்தியசாலையில் இருந்தார். அந்த நாட்களில் வீட்டார் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதற்கு நாமும் ஒரு காரணமாகலாம், சகோதரிகளே. நோய் விசாரிக்கப் போவது ஸுன்னத்துத்தான். ஆனால் வேன் பிடித்து, தடிமனோடு மூக்கைச் சீறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஒரு மணித்தியாலம் கதைப்பது ஸுன்னத்தல்ல. காய்ச்சல், தடிமன் உள்ளவர்கள் வீட்டிலிருந்து துஆச் செய்யுங்கள். போனவர்கள் கையைக் கழுவி, ஐந்து நிமிடத்தில் திரும்புங்கள். ராத்தாவைப் பார்க்கப் போன ஒருவர் வட்டலாப்பம் செய்து கொண்டுபோயிருக்கிறார். ஸ்டீரோயிட்டும் டெக்ரோலிமஸும் சீனி நோயைக் கொண்டுவரக்கூடியவை. சீனி ஏறினால் புண் ஆறாது. அன்பினால் செய்ததுதான், நல்ல வேளையாக அதைச் சாப்பிட்டது நோயாளியல்ல, மருமகன்.

வீட்டுக்கு வந்த பின்னர் முதல் சில மாதங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, பதிவான பலகையில் குந்தி இருந்து தேங்காய் துருவக்கூடாது, குந்தும் மலசலகூடம் ஆகாது. மீறினால் பந்து குழியிலிருந்து நழுவிவிடலாம். ஆகவே அத்தஹிய்யாத்து இருப்பும் ஸுஜூதும் அந்தக் காலத்தில் கதிரையில்தான். சத்திரசிகிச்சை செய்த முறைக்கேற்ப இந்தக் கட்டுப்பாடு ஆளுக்கு ஆள் வேறுபடும். எப்போது தரையில் ஸுஜூது செய்யலாம் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவரிடமே கேளுங்கள். கேட்கும்போது வெறுமனே "தொழலாமா" என்று கேட்காமல், எப்படிக் குனிகிறோம், எப்படி அமர்கிறோம் என்பதைச் செய்து காட்டிக் கேளுங்கள். நம் தொழுகை முறையை அறியாத வைத்தியர்களும் இருக்கிறார்கள்.

ராத்தா இப்போது குடையை மழைக்கு மட்டும்தான் எடுக்கிறார். இடது பக்க உருண்டையிலும் பாதிப்பு தொடங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது. அது இன்னும் நொறுங்கவில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பார்த்து வருகிறார்கள். அதற்கும் சத்திரசிகிச்சை வேண்டி வரலாம், வராமலும் போகலாம். இந்த முறை வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தம்பி உட்பட.

என் வகுப்பில் இப்போது உடல் நோவு பற்றிய துண்டு வந்தால், எங்கே, எத்தனை நாளாக, என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டு எழுதி அனுப்பிவிட்டுத்தான் சட்டம் சொல்கிறேன். சென்ற மாதம் ராத்தாவே மீண்டும் ஒரு துண்டு அனுப்பியிருந்தார். இப்போது நன்றாக நிற்க முடிகிறது, வலியோடு கதிரையில் இருந்து தொழுத அந்த நாட்களின் தொழுகையை எல்லாம் திருப்பித் தொழ வேண்டுமா என்று கேட்டிருந்தார்.

தேவையில்லை ராத்தா. இயலாமையால் இருந்து தொழுதது நிறைவேறிவிட்டது. அதற்குக் களா இல்லை.